தங்கக் குதிரைக்காரனிடம் 27 தடவை செத்த கதை

"மாமா, நீங்க ஆடுறதெல்லாம் சின்னப் புள்ளைங்க கேமு" என்று அக்கா மகன் ஒரு வருஷமாக நக்கலடித்துக்கொண்டிருந்தான். அவன் வாயை அடைக்கத்தான் எல்டன் ரிங் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கினேன். 2022 பிப்ரவரியில் வந்த கேம், நான் கையில் எடுக்கவே இரண்டு வருஷம் தாமதம். முழு கேமைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முடியாது. அதன் முதல் அரைமணி நேரத்தில் எதிரே வரும் ஓர் ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த கேம் உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்பது அவனிடமே தெரிந்துவிடும்.

ஆரம்பத்தில் இருட்டுக் குகை. லிஃப்டில் மேலே வந்து கதவைத் தள்ளினால் பச்சைப் புல்வெளி, தூரத்தில் வானத்தைத் தொடும் தங்க மரம். வாசலிலேயே வெள்ளை முகமூடிக்காரன் வரே நிற்கிறான். உனக்கு வழிகாட்ட ஒரு கன்னிகூடக் கிடையாதே என்று குத்திக் காட்டுவான். அவனைத் தாண்டிக் கீழே பார்த்தால், எல்லே தேவாலயத்துக்குப் போகும் வழியில் தங்கக் கவசம் போட்ட குதிரைமேல் தங்கக் கவசம் போட்ட வீரன் ஒருவன் மெதுவாக உலாத்திக்கொண்டிருப்பான். பெயர் ட்ரீ சென்டினல். மரத்தின் காவலன்.

நான் அவனை நம்ம ஆள் என்று நினைத்துவிட்டேன். தங்கம் போட்டவன் நல்லவனாகத்தானே இருப்பான்! வேடிக்கை பார்க்கக் கிட்டே போனேன். திரையின் அடியில் அவன் பெயரும் நீளமான ரத்தக் கோடும் வந்தன, பாட்டு மாறியது, குதிரை திரும்பியது. இரண்டே அடி. கரண்ட் பில்லின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அன்று ராத்திரி தூங்கப் போகும்போது அதில் 14 கோடு.

"மாமா, அவன இப்ப விடுங்க. மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கிப் போயிடுங்க. குதிரை கிடைச்சப்புறம் வந்து பாத்துக்கலாம்" என்றான் அக்கா மகன் போனில். அவன் சொன்னது சரிதான். அந்தத் தங்கக் குதிரைக்காரனை வென்றால்தான் மேலே போகலாம் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது, சுற்றிக்கொண்டு போக வழி தாராளமாக இருக்கிறது. மற்ற கேம்களில் பாஸ் (பெரிய எதிரி) என்றால் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். இங்கே திறந்த வெளியில் விட்டு, ஓடினால் ஓடு என்கிறார்கள். இந்த கேமை இயக்கிய மியாசாகியின் குழு செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஆனாலும் வீம்பு யாரை விட்டது? நான் நடந்தே போய் இன்னும் 9 தடவை செத்தேன்.

அந்த 9 சாவில்தான் அவன் அடியைப் படித்தேன். குதிரை பின்னங்காலை ஊன்றி மேலே எழும்பும். அவன் தன் ஹால்பர்டை, அதாவது நீளக் காம்புக் கோடரியை, தலைக்கு மேல் தூக்குவான். அங்கே அரை மூச்சு அளவுக்கு அப்படியே நிற்பான். அந்த அரை மூச்சுதான் ஆளைக் கொல்வது. தூக்கியதுமே பயந்து உருண்டால், நாம் எழுந்திருக்கும் இடத்தில் சரியாக வந்து விழும். கை பரபரக்கும், பொறுக்க வேண்டும். குதிரையின் முன்னங்கால் தரையை நோக்கி இறங்கும்போது உருண்டால், குளம்பு பக்கத்தில் விழுந்து மண் தெறிக்கும், நமக்கு இரண்டு அடி கொடுக்க நேரம் கிடைக்கும். மூன்றாவது அடிக்கு ஆசைப்பட்டால் இன்னொரு பென்சில் கோடு.

மந்திரம் எறிபவர்களுக்கும் சலுகை கிடையாது. அவன் கேடயம் தங்கமாக மின்னும் நேரத்தில் எறிந்தால் எறிந்தவன் மூஞ்சிக்கே திரும்பி வரும். மந்திரம் எறியும் ஜோசியர் பாத்திரத்தை எடுத்து ஆரம்பித்த அக்கா மகனும் தன் மந்திரத்தாலேயே செத்திருக்கிறான். அதை அவன் வாயால் வரவழைக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

கடைசியில் வழிக்கு வந்தேன். கேட்ஃப்ரண்ட் இடிபாடுகள் வரை போய், மெலினா என்ற பெண்ணிடம் டோரண்ட் என்ற குதிரையை வாங்கி, லெவல் 20 வரை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். குதிரைமேல் சண்டை வேறு ஆட்டம். கன்ட்ரோலரில் ஆர்1 பட்டனை அழுத்தினால் வலப்பக்கம் வீச்சு, எல்1 அழுத்தினால் இடப்பக்கம். அவன் ஹால்பர்ட் வலக்கையில் இருப்பதால் கேடயப் பக்கமாகவே உரசிப் போய், ஒன்று போட்டுவிட்டு விலகி, வட்டம் அடித்து மறுபடி வர வேண்டும். குறை என்றால் கேமரா. லாக் (பார்வையை எதிரிமேலேயே பூட்டி வைப்பது) போட்டுக்கொண்டு அவனைச் சுற்றினால் கேமரா தலைசுற்றி எங்கேயோ மரத்தையும் புல்லையும் காட்டுகிறது. லாக்கை எடுத்துவிட்டுத்தான் நிம்மதியாக ஓட்டினேன். டோரண்ட் செத்தால் நாம் தரையில் குப்புற விழுந்து எழுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று, இந்த கேமில் பாஸ் (அதாவது நிறுத்தி வைப்பது) கிடையாது. 27ஆவது தடவை அவன் ரத்தம் கால்வாசிக்குக் கீழே இருந்தபோது வாசலில் "சிலிண்டர்!" என்று குரல். தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தவரைக் காக்க வைப்பது பாவம். காசு கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்து.

28இல் விழுந்தான். 3,200 ரூன் (இந்த கேமின் காசு), கூடவே அவன் ஹால்பர்ட். பந்தாவாக எடுத்துப் பார்த்தால், அதைப் பிடிக்க நம் பாத்திரத்துக்குப் பலம் 30, லாவகம் 14, பக்தி 12 வேண்டுமாம். இரண்டு கையாலும் பிடித்தால் பலம் 20 போதும், பக்திக்கு எங்கே போவது? பெட்டியில் கிடக்கிறது.

இதே ஸ்டுடியோவின் செகிரோவில் வரும் கியோபுவும் குதிரைக்காரன்தான், ஆனால் பட்டாசு வெடித்தால் அவன் குதிரை மிரளும். இந்தத் தங்கக் குதிரைக்கு எதிரே அப்படி ஒரு சௌகரியம் எனக்குக் கிடைக்கவில்லை.

பொறுமை இருந்தால் வாங்குங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல், சிலிண்டர் வராத நேரத்தில் ஆடுங்கள். போன வாரம் கேமில் ஆல்டஸ் மேடு என்ற பகுதியில் தலைநகரத்தை நோக்கி ஜோராகப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் தங்கம் மின்னியது. ஒருவன் இல்லை, இருவர். டோரண்டை அப்படியே திருப்பிவிட்டேன்.