சிபிஆருக்குப் பின் யூரின் ஸ்ட்ரிப்: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

நெஞ்சை அழுத்தி (சிபிஆர்), ஷாக் கொடுத்து மீட்ட நோயாளிக்குத் தசை சிதைகிறதா என்று பார்க்க, தாராபுரம், பெருந்துறை மாதிரி ஊர்களில் ராத்திரி சிகே டெஸ்ட் (சிதைந்த தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவு) கிடைக்காத ஐசியூவுக்குக் கைக்கு எட்டுவது பத்துக் கட்ட யூரின் ஸ்ட்ரிப்தான். டப்பாவுக்கு 100 பட்டை, ஒன்றுக்கு ஒரு டீக்காசுகூட ஆகாது. அந்தக் காசுக்கு நல்ல சரக்குத்தானுங்க, படிக்கத் தெரிந்தால்.

பார்க்க வேண்டியது 'ரத்தம்' கட்டம். நனைத்து, ஓரம் துடைத்து, டப்பாவில் போட்ட நேரத்தில் (பெரும்பாலும் 60 விநாடி) நல்ல வெளிச்சத்தில் படிக்கவும். மஞ்சள் கட்டம் புள்ளி புள்ளியாகப் பச்சையானால் சிவப்பணு. சீராகப் பச்சையானால் ஹீமோகுளோபினாகவோ மயோகுளோபினாகவோ (தசையில் இருக்கும் புரதம்) இருக்கலாம். அணுக்கள் ஏராளமாக இருந்தாலும் அப்படித்தான் மாறும். ஹீமோகுளோபின், மயோகுளோபின் இரண்டிலும் ஹீம் (இரும்புள்ள நிறமி) உண்டு, பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் அதே மூத்திரத்தை உடனே மைக்ராஸ்கோப்பில் வைக்கணும். கட்டம் அடர்பச்சை, சிவப்பணு இல்லை என்றால் மயோகுளோபின் சந்தேகம் வலுக்கும். மாதிரியை மணிக்கணக்கில் போட்டு வைத்தால் அணுக்கள் உடைந்து, இல்லாத மயோகுளோபினை இருப்பதுபோல் காட்டும். கதீட்டர் போடும்போது உரசிய ரத்தமும் குழப்பும். சுழற்றிய ரத்தத்தில் பிளாஸ்மா (அணுக்கள் போக மேலே நிற்கும் நீர்) சிவந்திருந்தால் ஹீமோகுளோபின் பக்கம் யோசிக்கவும். மயோகுளோபின் அதற்கு நிறம் ஏற்றாது.

பெரிய குறை இது: மயோகுளோபின் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டு வெளியேறிவிடும். சிகே 24 முதல் 72 மணிக்குள்தான் உச்சம் தொடும், பிறகு மெல்ல இறங்கும். இரண்டாம் நாள் நெகடிவ் பட்டையைக் காட்டித் 'தசை சரியாப்போச்சு' என்றால் ஏமாந்தோம். மூத்திரத்துக்கு வரக்காப்பி நிறம் வராமலும் ராப்டோ (ராப்டோமயோலிசிஸ், அதாவது தசைச் சிதைவு) வரும். சிகே 1,000 தாண்டினால் ராப்டோ, 5,000 தாண்டினால் கிட்னிக்கு ஆபத்து கூடுதல் என்று கணக்கு. பொட்டாசியத்தையும் கூடவே பார்க்கவும். மணிக்கு 200 முதல் 300 மில்லி மூத்திரம் போகும்படி டிரிப் ஏற்றுவது வழக்கம், ஆனால் இதயம் இப்போதுதான் நின்று எழுந்திருக்கிறது. எக்கோ பார்க்காமல் ஊற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். கிட்னி படுத்தால் பழி தசைமேல் மட்டுமில்லை, ரத்தம் ஓடாமல் நின்ற நிமிடங்களுக்கும் ஆஞ்சியோவில் ரத்தக்குழாயைப் படமெடுக்க ஏற்றும் டைக்கும் பங்குண்டு.

வைட்டமின் சி அதிகம் ஏறியவருக்குப் பட்டை நெகடிவ் காட்டலாம். கரூர் வெயிலில் டப்பாவை ஜன்னலோரம் வைக்காதீங்க, ஃப்ரிட்ஜிலும் வேண்டாம். மூடியை உடனே இறுக்கவும்.