தரவுத்தளச் சர்வரில் அமர்வுப் பதிவு: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

ஒருவர் சர்வருக்குள் நுழைந்து வெளியேறும் வரை செய்பவற்றைப் பதிவதுதான் அமர்வுப் பதிவு. அதற்குப் பதில் பேஷ் ஹிஸ்டரிக் கோப்பை (லினக்ஸில் தட்டிய கட்டளைகளின் பட்டியல்) காட்டி ஆடிட்டரைச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கும் குழுக்கள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து அதை நம்பி இருக்காதீர்கள். அந்தக் கோப்பு பயனரின் சொந்தக் கோப்பு. அவரே திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். பல லினக்ஸ் சர்வர்களில் கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டாலே அது பதிவாகாது. தனியாக அமைக்காவிட்டால் நேரமும் இருக்காது. வேலைக்கு உதவும் குறிப்பேடு என்ற அளவில் அது நல்லது, சாட்சியாக நிற்காது.

கார்டு பரிவர்த்தனைத் தகவல்கள் இருக்கும் போஸ்ட்கிரெஸ் (ஒரு தரவுத்தள மென்பொருள்) சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. கார்டு தகவல் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலையின் 10ஆம் பிரிவு எங்களுக்குப் பொருந்தும். நிர்வாக உரிமை உள்ள ஒவ்வொருவரும் செய்யும் எல்லாச் செயல்களும் பதிவாக வேண்டும் என்கிறது அது. செயலிக்கோ சிஸ்டத்துக்கோ உரிய கணக்கில் ஒருவர் நேரடியாக உட்கார்ந்து வேலை செய்தால் அதுவும் இதில் அடக்கம். பதிவுகளை 12 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கடைசி 3 மாதங்களுக்கானவை கேட்டவுடன் எடுத்துத் தரும் நிலையில் இருக்க வேண்டும். இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவும் உண்டு: 180 நாள் பதிவுகள், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்திற்குள் தெரிவித்தல், சர்வர் கடிகாரங்களை ஒத்திசைத்தல். படிக்கும்போது எளிதாகத் தெரிகிறது. நடைமுறைக்கு வந்தால், எந்த ஒரு கருவியும் முழுப் படத்தைக் காட்டுவதில்லை.

முதலில் பயன்படுத்தியது பேம் டிடிஒய் ஆடிட் என்ற லினக்ஸ் வசதி. விசைப்பலகையில் தட்டியதை அப்படியே பிடிக்கிறது. மேல் அம்புக்குறி, டேப், பேக்ஸ்பேஸ் எல்லாம் அப்படி அப்படியே வந்து நிற்கும். பயனர் மேல் அம்புக்குறியை மூன்று முறை அழுத்தி என்டர் தட்டினால், ஓடிய கட்டளை எது என்று பதிவிலிருந்து சொல்ல முடியாது. திரையில் என்ன வந்தது என்பதும் தெரியாது. அதை விட்டுவிட்டோம்.

சூடோவின் (வேறு கணக்கின் உரிமையில் கட்டளையை ஓட்டும் லினக்ஸ் நிரல்) உள்ளீடு-வெளியீட்டுப் பதிவுதான் இன்று வரை என் முதல் தேர்வு. போஸ்ட்கிரெஸ் கணக்கிற்கு யாரும் நேரடியாக உள்ளே வர முடியாது. தன் பெயரில் உள்ளே வந்து, சூடோ வழியாகத்தான் மாற வேண்டும். மாறிய கணத்திலிருந்து திரையில் தெரிவது எல்லாம் பதிவாகும். சூடோரீப்ளே கொடுத்தால் அந்த அமர்வு, தட்டிய வேகத்திலேயே, தயங்கிய இடத்தில் தயங்கி, மீண்டும் ஓடுகிறது. விஐ எடிட்டரில் ஒரு கட்டமைப்புக் கோப்பைத் திறந்து எந்த வரியை மாற்றினார் என்பது வரை பார்க்கலாம். ஒருவர் அழித்து எழுதிய கட்டளை, அடுத்து வந்த பிழைச் செய்தி, அதைப் பார்த்துவிட்டு அவர் கையேட்டைத் திறந்தது என்று ஒரு மனிதரின் வேலை நடந்த விதமே கண்முன் வரும்.

2020இல் வந்த சூடோ 1.9 பதிப்பு முதல் இந்தப் பதிவை வேறொரு சர்வருக்கு உடனுக்குடன் அனுப்ப முடிகிறது. அதற்கு முன் அதே இயந்திரத்தின் வட்டில்தான் கிடந்தது. ரூட் (முழு நிர்வாக) உரிமை உள்ளவர் அழித்துவிட்டால் கதை முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பதிவுச் சர்வரைத் தொட முடியாவிட்டால், இயல்பான அமைப்பில் சூடோ கட்டளையை ஓட விடாது. பாதுகாப்பு நோக்கில் அதுதான் சரி. ஆனால் நள்ளிரவில் தரவுத்தளம் விழுந்து கிடக்கும்போது, பதிவுச் சர்வரும் கூடவே விழுந்திருந்தால் உள்ளே நுழைய வழி இருக்காது. இரண்டு பதிவுச் சர்வர்கள் இல்லாமல் இதை நேரடிச் சூழலில் போடாதீர்கள்.

ரெட் ஹாட் தரும் டிலாக் கருவியையும் ஓட்டிப் பார்த்தேன். பதிவை ஜேசன் என்ற தரவு வடிவில் தருவதால் தேடல் கருவிகளில் ஏற்றுவது சுலபம். சூடோ வரை காத்திருக்காமல், உள்ளே நுழைந்ததிலிருந்தே பதிவு செய்கிறது. பயனர்கள் நேராக வந்து இறங்கும் இடைநிலைச் சர்வருக்கு அது பொருத்தம்.

இவை எல்லாமே டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் திரையை, பார்க்கும் கருவிகள். தரவுத்தளத்திற்குள் நடப்பதில் பாதி அவற்றின் கண்ணில் படாது. ஒருவர் பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவி) திறந்து கட்டளைகள் உள்ள ஒரு கோப்பை ஓட்டினால், திரைப்பதிவில் கோப்பின் பெயர்தான் இருக்கும். உள்ளே இருந்த இருநூறு வரிகள் இருக்காது. அதைவிடப் பெரிய ஓட்டை, தன் மடிக்கணினியிலிருந்து பிஜிஅட்மின் போன்ற செயலி மூலம் தரவுத்தளத்தின் 5432 போர்ட்டில் நேராக இணைவது. டெர்மினலே இல்லாதபோது அங்கே பதிவு செய்ய எதுவும் இல்லை. மனிதர்களின் கணக்குகள் இடைநிலைச் சர்வரிலிருந்து மட்டுமே இணையலாம் என்று தரவுத்தளத்தின் அனுமதிக் கோப்பிலேயே அடைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

தரவுத்தளத்திற்குள் பார்ப்பதற்கு பிஜிஆடிட் என்ற போஸ்ட்கிரெஸ் இணைப்பு நிரல். இதை ஏற்ற ஒருமுறை தரவுத்தளத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டும், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸின் சொந்தக் கட்டளைப் பதிவே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. ஒரு டூ பிளாக்கிற்குள் (பல கட்டளைகளைச் சேர்த்து ஓட்டும் துண்டு நிரல்) டேபிளின் பெயரைத் துண்டு துண்டாக ஒட்டி டிராப் செய்தால் (அழித்தால்), சாதாரணப் பதிவில் அந்தத் துண்டுகள்தான் இருக்கும். பெயரைத் தேடினால் கிடைக்காது. பிஜிஆடிட், பிளாக்கிற்குள் உண்மையில் ஓடிய டிராப் கட்டளையைத் தனி வரியாகத் தருகிறது.

படிக்கும் கட்டளைகள் எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னால் வட்டு தாங்காது. நாங்கள் டேபிள் போன்றவற்றின் கட்டமைப்பு மாற்றங்கள், உரிமை மாற்றங்கள், எழுதும் கட்டளைகள் ஆகியவற்றை முழுமைக்கும் வைத்தோம். படிப்பதை, தணிக்கைக்கென்று ஒரு ரோல் (தரவுத்தளக் கணக்கு) உருவாக்கி, கார்டு தகவல் இருக்கும் டேபிள்களுக்கு மட்டும் வைத்தோம். சிஸ்லாக் (லினக்ஸின் பதிவுச் சேவை) வழியாக அனுப்புபவர்களுக்கு ஒரு குறிப்பு: நீளமான கட்டளைகளைப் போஸ்ட்கிரெஸ் இயல்பாகவே துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு அனுப்பும். தேடல் கருவி அவற்றைச் சேர்க்காவிட்டால், கட்டளையின் தலை ஓரிடத்திலும் வால் ஓரிடத்திலும் கிடக்கும். நம் சிஸ்லாக் சேவை நீண்ட செய்திகளைத் தாங்குமானால் அந்தத் துண்டாக்கலை நிறுத்திவிடலாம்.

இந்த ஏற்பாடு யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டால், முதலில் சர்வரில் வேலை செய்பவர்களுக்குத்தான் என்பேன். ஒரு நாள் காலையில் அறிக்கை டேபிள் ஒன்று காலியாக இருந்தது. இரவுப் பணியில் இருந்தவர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத இளைஞர். கூட்டத்தில் எல்லோர் பார்வையும் அவர் பக்கம் போனது. "அண்ணா, நான் டேபிளைப் பார்க்க மட்டும்தான் செய்தேன்" என்றார். குரல் நடுங்கியது. அவருடைய அமர்வை எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டினேன். டேபிளின் அமைப்பைப் பார்த்திருக்கிறார், வரிசைகளை எண்ணியிருக்கிறார், வெளியே வந்திருக்கிறார். எண்ணியபோதே பூஜ்யம்தான் வந்திருக்கிறது. பிஜிஆடிட் பதிவில் அதற்கு முன்பே ஒரு டிரங்கேட் (டேபிளைக் காலி செய்யும் கட்டளை) வரி இருந்தது. அனுப்பியது புதிய பதிப்பை நிறுவும் தானியங்கிக் கணக்கு. வரியின் முன்னொட்டில் பயனர், செயலி, ஐபி முகவரி மூன்றையும் சேர்த்து வைத்திருந்ததால் சில நிமிடங்களில் விஷயம் தெளிவானது. இரண்டு பதிவுகளில் எது இல்லாமல் போயிருந்தாலும் அந்த இளைஞர் மீது சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும். கண்காணிக்கிறார்கள் என்று மனக்கசப்புடன் பேசும் சக பணியாளர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கசப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதால், பதிவில் என்னென்ன சேர்கிறது என்பதில் கறாராக இருக்க வேண்டும். திரையைப் பதிவு செய்தால் திரையில் வந்த கார்டு எண்ணும் பதிவாகும். பாதுகாப்புக்காக வைத்த பதிவே காக்க வேண்டிய தகவலின் இன்னொரு நகலாகிவிடும். நிர்வாகிகளுக்கு எண்ணின் நடுப்பகுதி மறைக்கப்பட்ட வியூ (டேபிளின் ஒரு தோற்றம்) மட்டும் போதும். பெரும்பாலான வேலைக்கு முழு எண் தேவையே இல்லை. விசைப்பலகை உள்ளீட்டைப் பதிவு செய்ய வேண்டாம், வெளியீடு போதும். பிஜிஆடிட்டில் கட்டளைகளுக்குக் கொடுக்கும் மதிப்புகளைப் பதியும் வசதி இயல்பாக அணைந்திருக்கும், அப்படியே இருக்கட்டும். ரோலின் கடவுச்சொல்லை ஆல்டர் கட்டளையில் நேரடியாக எழுதினால், போஸ்ட்கிரெஸின் சாதாரணக் கட்டளைப் பதிவில் அது அப்படியே வெளிப்படையாக விழும். பிஎஸ்க்யூஎல் தரும் கடவுச்சொல் மாற்றும் கட்டளையைப் பயன்படுத்தினால், குறியாக்கப்பட்ட வடிவம்தான் சர்வருக்கே போகும். எங்கள் குழுவில் இது எழுதி வைத்த விதி.

சூப்பர்யூசர், அதாவது தரவுத்தளத்தில் எல்லா உரிமையும் உள்ள ஒருவர், தன் அமர்வில் பிஜிஆடிட்டை அணைக்க முடியும். இதை எந்த அமைப்பாலும் முழுமையாகத் தடுக்க முடியவில்லை. பிஎஸ்க்யூஎல் உள்ளிருந்தே \! போட்டு ஷெல்லுக்கு (லினக்ஸ் கட்டளைத் திரை) வெளியேறவும் முடியும். அதற்காகத்தான் லினக்ஸ் ஆடிட் சேவையை மூன்றாவதாக வைத்திருக்கிறோம். உள்ளே வந்தபோது இருந்த பயனர் எண், எத்தனை முறை வேறு கணக்கிற்கு மாறினாலும் மாறாமல் ஒவ்வொரு நிரலின் ஓட்டத்தோடும் கூடவே வருகிறது. போஸ்ட்கிரெஸ் கணக்கில் ஓடிய கட்டளைக்குப் பின்னால் எந்த மனிதர் என்று அந்த எண் சொல்லிவிடும். பிஜிஆடிட்டை அணைக்க முயலும் வரி பதிவுச் சர்வருக்கு வந்தால் உடனே எச்சரிக்கை போகும்படி செய்திருக்கிறோம். ஆடிட் பதிவுக்குத் தனி வட்டுப் பகுதி ஒதுக்குங்கள். இறுக்கமான அமைப்பில் அந்தப் பகுதி நிறைந்தால் இயந்திரமே நின்றுவிடும்.

இப்போது எங்களிடம் மீதமிருக்கும் சிக்கல், பதிவுகளை யார் பார்ப்பது என்பது. பதிவுச் சர்வரில் தரவுத்தள நிர்வாகிகளுக்கு அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. அன்று கூட்டத்தில் ஓட்டிக் காட்டியதும் பாதுகாப்புக் குழு எடுத்துக் கொடுத்த நகலைத்தான். அவர்களோ போஸ்ட்கிரெஸ் தெரிந்தவர்கள் அல்லர். பிசிஐ டிஎஸ்எஸ்ஸின் 4ஆம் பதிப்பு தானியங்கி முறையில் பதிவுகளைப் பரிசீலிக்கச் சொல்கிறது. எந்த வரி இயல்பானது, எது விசித்திரமானது என்று அந்த நிரலுக்குச் சொல்லித் தர வேண்டியவர்கள் நாங்கள். அதனால் மாதம் ஒருமுறை இரு குழுவும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த மாதத்து எச்சரிக்கைகளில் சிலவற்றை எடுத்து வரி வரியாகப் படிக்கிறோம்.