ஃபுவா கிரா: குழாயா, ஏகோர்னா, ஆய்வகமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் பாரிஸில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் கண்ணில் படுகிற இடத்தை ஃபுவா கிரா பிடித்துக்கொள்ளும். கொழுக்க வைத்த வாத்தின் கல்லீரல். பல பிரெஞ்சு வீடுகளில் அது வராமல் கிறிஸ்துமஸ் பந்தி தொடங்காது. இதே பொருளின் இறக்குமதிக்கு இந்தியா 2014இல் தடை போட்டது. கலிஃபோர்னியாவில் 2012இல் நடைமுறைக்கு வந்து, நடுவில் நீதிமன்றத் தடங்கல்களையும் தாண்டிய சட்டப்படி கடைகளில் விற்கக் கூடாது. பிரான்ஸோ 2006இல், இது எங்கள் பண்பாட்டுச் சொத்து என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது.

சண்டை முழுக்க ஒரு குழாயைப் பற்றித்தான். முலார் என்ற கலப்பின ஆண் வாத்தைச் சுமார் 12 வாரம் வளர்க்கிறார்கள். பெரும்பாலும் புல்வெளியில் திரிகிற வாழ்க்கை, குறை சொல்ல முடியாது. கடைசி இரண்டு வாரம்தான் வினை. தினம் இரண்டு வேளை தொண்டைக்குள் குழாயை விட்டு மக்காச்சோளத்தை இறக்குவார்கள். ஒரு தடவைக்குச் சில விநாடிகள்தான். நூறு கிராம்கூட இல்லாத கல்லீரல் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். வாத்தின் கல்லீரல் 300 கிராமாவது இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. அதாவது, கொஞ்சமாக ஊட்டி நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒரு பண்ணைக்காரர் நினைத்தாலும் விதி விடாது.

பண்ணைக்காரர்களின் பதில் இது: நீர்ப்பறவையின் தொண்டை நன்றாக விரியும், வலசை போகுமுன் அது தானாகவே கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும், நாங்கள் அதைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறோம், அவ்வளவுதான். பாதி உண்மை. முலாரின் தகப்பன் வழியான மஸ்கோவி வாத்து வலசையே போகாத இனம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 1998இல் தந்த அறிக்கை, அப்போது நடந்துவந்த முறையில் திணித்து ஊட்டுவது பறவையின் நலனுக்குக் கேடு என்று சொல்லிவிட்டது. பொரிப்பகத்தில் பெண் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றை முதல் நாளே கழித்துக்கட்டுவதும் உண்டு. ஆண் வாத்தின் கல்லீரல் பெரிது, நரம்பு குறைவு என்பதே காரணம். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் வேலை செய்கிற நம்மவர்களைக் கேளுங்கள், பச்சைக் கல்லீரலில் நரம்பு உருவுவது எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை என்று சொல்வார்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வாரத்தில் அறுக்கிற பிராய்லர் கோழியை வாரம் மூன்று நாள் சாப்பிட்டுக்கொண்டு வாத்துக்கு மட்டும் கண்ணீர் விடுவது எனக்கு ஒட்டவில்லை. அந்தக் கோழி வெயிலையே பார்த்திருக்காது. ஆனால் அது கோழிப் பண்ணையைத் திருத்தச் சொல்கிற வாதம், குழாய்க்கு ஆதரவு ஆகாது.

கடையில் லேபிளை வைத்து மனச்சாட்சியைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. ‘ஆந்தியே’ என்றால் கல்லீரல் முழுத் துண்டாக இருக்கும், ‘ப்ளாக்’ என்றால் அடித்துச் சேர்த்தது, ‘மூஸ்’ என்றால் பாதிதான் ஃபுவா கிரா. விலை மாறும், குழாய் மாறாது. தென்மேற்கு என்ற ஊர் முத்திரையும் வாத்து எந்தப் பக்கத்தது என்றுதான் சொல்லும். ருசிக்காகவே போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் சாமத்தான் ஊரின் திங்கட்கிழமைச் சந்தை இருக்கிறது. பச்சைக் கல்லீரலைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். தடம் அப்படியே பதிந்து நின்றால் நல்ல சரக்கு, ரப்பர் மாதிரி எம்பி வந்தால் விட்டுவிடுங்கள்.

குழாயே இல்லாமல் செய்பவர் ஸ்பெயினின் எஸ்த்ரெமதூரா பகுதியில் இருக்கிறார்: எதுவார்தோ சோசா. அவருடைய கூஸ் என்ற பெரிய வாத்துகள் திறந்த வெளியில் ஏகோர்ன் என்ற ஓக் மரக் கொட்டைகளையும் ஆலிவையும் மேய்கின்றன. குளிர்காலம் வருமுன் அவையாகவே வயிறு முட்டத் தின்கிற பருவம் ஒன்று உண்டு. அது முடிந்ததும் வருடத்துக்கு ஒரே ஒரு தடவை அறுப்பு. 2006இல் பாரிஸ் உணவுக் கண்காட்சியில் பரிசு கொடுத்தார்கள், பிரெஞ்சு உற்பத்தியாளர்கள் கொதித்தார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி திணித்து ஊட்டினால்தான் அது ஃபுவா கிரா! நியாயத்தில் இதற்கு முதலிடம். ஆனால் கிடைப்பது கைப்பிடி அளவு, விலையும் எட்டாத உயரம். ஊருக்கெல்லாம் இதைப் பரிந்துரைப்பதில் அர்த்தமில்லை.

என்னை அதிகம் கவர்ந்தது ஜெர்மனியின் மைன்ஸ் நகர மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தின் தாமஸ் வில்கிஸ் குழு 2025இல் வெளியிட்ட செய்முறை. சாதாரணமாக வளர்த்த வாத்தின் கல்லீரல், அதே வாத்தின் கொழுப்பு. கொழுப்பை லிப்பேஸ் என்ற நொதியால் பக்குவப்படுத்திக் கல்லீரலோடு கலக்கிறார்கள். வாத்தின் உடம்புக்குள் கொழுப்புக்கு நடப்பதைக் கிட்டத்தட்ட வெளியே நடத்திக்காட்டுவதுதான் யோசனை. கொலாஜன் என்ற புரதத்தைச் சேர்த்துப் பார்த்தபோது வராத வழுவழுப்பு இதில் வந்தது. வாத்து சாகத்தான் செய்கிறது, ஆனால் இறைச்சிக்காக எப்படியும் அறுபடுகிற வாத்து அது.

ஆய்வகத்தில் செல்லாக வளர்ப்பதும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் வாவ் நிறுவனம் ஜப்பானியக் காடையின் செல்லை வளர்த்துச் செய்த பார்ஃபே என்ற வழுவழுப்பான விழுது 2024இல் சிங்கப்பூர் உணவகத்துக்கு வந்தது. பிரான்ஸின் குர்மே நிறுவனம் வாத்துச் செல்லில் செய்ததற்கு அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி கேட்டது. இதில் அறுப்பு கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். சைவம் என்றும் சொல்ல முடியாது.

தாவரத்தில் செய்தது? பெல்ஜியத்தின் காயா என்ற விலங்கு நல அமைப்பு ‘ஃபோ கிரா’ என்று ஒன்றை விற்கிறது (‘ஃபோ’ என்றால் பிரெஞ்சில் போலி). வறுத்த ரொட்டியில் தடவ நன்றாகவே இருக்கும், கூட அத்திப்பழ ஜாம் இருந்தால் விருந்தாளி கேள்வி கேட்கமாட்டார். கனத்த துண்டாக வெட்டிச் சூடான வாணலியில் முறுக வைக்கிற சமையலுக்கு மட்டும் இது ஆகாது.

என்னைக் கேட்டால், தடவிச் சாப்பிடுபவர்கள் தாவரத்துக்கு மாறிவிடலாம், இழப்பு சொற்பம். நிஜக் கல்லீரல் ருசிதான் வேண்டும் என்பவர்களுக்கு நொதி முறைதான் சரியான வழி, அது கடைக்கு வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். அதுவரை இறைச்சிக் கடையில் சாதாரண வாத்துக் கல்லீரல் கேட்டு வாங்கி, வெண்ணெயில் வேக வதக்கி, கொஞ்சம் கொன்யாக் பிராந்தியும் விட்டு அரைத்துக்கொள்ளுங்கள். விலையும் குறைவு.