டிக்கோயாவா, கண்டியா?

இலங்கை மலையகத்தில் அட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், எந்த வைத்தியசாலைக்குப் போவது என்று வீட்டில் முதலில் கிளம்பும் வாக்குவாதம் இதுதான்.

செலவு: இரண்டும் அரசாங்க வைத்தியசாலைகள், சிகிச்சை இலவசம். ஆனால் கண்டி என்றால் கூடப் போகிறவரின் சாப்பாடு, தங்குமிடம், இழந்த நாள் சம்பளம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

தூரம்: டிக்கோயா அட்டனுக்குப் பக்கம். கண்டிக்கு கினிகத்தேனை, கம்பளை வழியாக வளைந்து வளைந்து இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு வேறு.

வசதி: டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் கண்டியில் இலங்கையின் முதல் இதய மாற்றுச் சிகிச்சை நடந்தது. இரண்டும் செய்யும் வேலையே வேறு.

அவசரம்: கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி, முகம் வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கினால் யோசனைக்கே இடமில்லை. நேரத்தோடு போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைப் பிடித்து நிறுத்தும். "பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம்" என்று வேன் தேடுகிற பெரியப்பாவின் பேச்சை அன்று மட்டும் கேட்காதீர்கள். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது.

காய்ச்சல், பிரஷர், சீனி வருத்தம் என்றால் டிக்கோயா போதும். இதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரக மாற்று என்றால் கண்டிதான். போகும்போது இங்குள்ள வைத்தியரின் கடிதத்தையும் கிளினிக் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் பரிசோதனைகளெல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.