புடிங்கா, எள்ளுருண்டையா? மார்கழி மழையில் பிள்ளைகளோடு செய்யும் பலகாரங்கள்

மார்கழி விடுமுறை விட்டதும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "இந்த முறை என்ன செய்யப் போறம்?" என்பதுதான். கிளிநொச்சிப் பக்கம் அந்த நேரம் காலபோக வயல் பச்சை பிடித்து நிற்கும். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறப்பார்களா என்று பெரியவர்கள் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். முற்றம் முழுக்க வெள்ளம், பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை. நத்தார், திருவெம்பாவை, தைப்பொங்கல் மூன்றும் சில கிழமைகளுக்குள் அடுத்தடுத்து வருவதால் பலகாரத் தட்டு வீட்டுக்கு வீடு போய்வந்துகொண்டே இருக்கும்.

போறணை இல்லாமல் செய்யக்கூடியவை எவை என்று இணையத்தில் தேடினால் நூறு குறிப்பு வரும். வன்னியில் அவண் உள்ள வீடுகள் குறைவு. நத்தார் கேக்கைப் பேக்கரியில் சொல்லி எடுப்போம், மற்றதெல்லாம் தாச்சியிலும் உரலிலும் நடக்கும். அதனால் எதைப் போறணை இல்லாமல் செய்யலாம் என்பது எனக்குப் பெரிய கேள்வியாக இருக்கவில்லை. எதைப் பிள்ளை பெரும்பாலும் தன் கையாலேயே செய்து முடிக்கலாம், எது இந்த மழைக்கும் மின்வெட்டுக்கும் தாக்குப்பிடிக்கும் என்றுதான் பார்த்தேன். என் ஒன்பது வயது மகளோடும் அக்காவின் ஐந்து வயது மகனோடும் சில வருடங்களாகச் செய்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளிடம் விட்டால் பிஸ்கட் புடிங்கைத்தான் சொல்வார்கள். இலங்கையில் பிறந்தநாள், நத்தார் என்றால் இது இல்லாத மேசை அரிது. மாரி பிஸ்கட் இரண்டு பைக்கற், உப்பில்லாத பட்டர் 100 கிராம், ஐசிங் சீனி 200 கிராம், கொக்கோ மூன்று மேசைக்கரண்டி, தோய்ப்பதற்குப் பால். பட்டரையும் ஐசிங் சீனியையும் முள்ளுக்கரண்டியால் அடித்து, கொக்கோவைச் சேர்த்து, பாலில் தோய்த்த பிஸ்கட்டை ஒரு அடுக்கு, கொக்கோக் கலவை ஒரு அடுக்கு என்று தட்டில் பரப்பிக்கொண்டு போகவேண்டும். பிள்ளைக்கு இதில் வேலை நிறைய. தோய்ப்பதை மகள் செய்வாள். "ஒண்டு, ரெண்டு, எடு" என்று எண்ணித்தான் எடுப்பாள். மூன்று எண்ணினால் பிஸ்கட் உடைந்து பாலுக்குள் விழுந்துவிடும். பால்மாவைக் கரைத்தாலும் போதும், ஆனால் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான பாலில் மாரி பிஸ்கட் நிற்காது. சிலர் கலவைக்குள் பச்சை முட்டை அடித்து ஊற்றுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் அதைச் செய்யாதீர்கள். அடுப்பே காணாத பலகாரத்தில் முட்டையிலுள்ள கிருமி சாக வழியில்லை.

பிரச்சினை அடுக்கி முடித்த பிறகுதான் வரும். புடிங் இறுகக் குறைந்தது நான்கு மணித்தியாலம் பிரிட்ஜுக்குள் இருக்கவேண்டும். பட்டர் 32 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். எங்கள் பக்கம் மார்கழி என்றாலும் பகல் வெக்கை 28 பாகைக்குக் கிட்ட நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம், காற்றோடு பெய்த மழையில் எங்கள் ஒழுங்கையில் கரண்ட் போனது. விடியும்வரை வரவில்லை. காலையில் தட்டைத் திறந்தபோது மேல் அடுக்கு வழுகி ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் கரண்டியால் அதைத் திருப்பித் தடவப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், பிள்ளையின் உழைப்பை மின்கம்பியை நம்பி வைக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. பட்டருக்குப் பதிலாக மாஜரின் போட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், விலையும் குறைவு. ருசி மட்டும் பட்டர் மாதிரி வராது.

எள்ளுருண்டை எல்லா வகையிலும் இதற்கு நேரெதிர். பிரிட்ஜ் வேண்டாம், பாகு வேண்டாம், கரண்ட் கூட வேண்டாம். எள்ளை முதல் நாளே கழுவி, மண் அரித்து, உலர்த்தி வைப்பதும் மறுநாள் தாச்சியில் வறுப்பதும் பெரியவருடைய வேலை. எள்ளு படபடவென்று வெடித்து வாசம் எழும்பியதும் உடனே இறக்கவேண்டும். இரண்டு நிமிடம் பிந்தினாலும் கசந்துவிடும். ஒரு சுண்டு எள்ளுக்கு அரைச் சுண்டு உடைத்த பனங்கட்டி, கால் சுண்டு வறுத்த உளுத்தம்மா, இரண்டு ஏலக்காய். இவ்வளவையும் உரலில் போட்டு இடிப்போம்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கவேண்டும். இடிக்கத் தொடங்கும்போது கறுப்பு மணலாகச் சிதறிக்கொண்டிருக்கும். இடிக்க இடிக்க நிறம் மங்கி, பிறகு திடீரென்று மினுங்கத் தொடங்கும். எள்ளின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். உலக்கை பட்டு அது வெளியே வந்து பனங்கட்டியை நனைக்கிறது. உருண்டையைச் சேர்த்துப் பிடிப்பது அந்த எண்ணெய்தான், நாங்கள் ஒன்றும் ஊற்றுவதில்லை. அக்காவின் சின்னவன் முதல் தரம் பிடித்தபோது உருண்டை பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. "அம்மம்மா, இது ஒட்டுதில்லை" என்று கையை விரித்துக் காட்டினான். "இன்னும் ஒருக்கா இறுக்கிப் பிடி ராசா, எண்ணெய் விடும்" என்றார் அம்மா. இரண்டு கையாலும் பொத்தி, பல்லைக் கடித்து இறுக்கினான். திறந்தபோது உருண்டையில் அவனுடைய விரல் நான்கும் வரியாகப் பதிந்திருந்தன, உள்ளங்கை எண்ணெயில் பளபளத்தது. அதை உருட்டி ஒழுங்காக்க அவன் விடவில்லை. விரல் அடையாளத்தோடேயே தட்டில் வைத்தோம். பக்கத்து வீட்டு மாமி பார்த்து, "இது ஆர் பிடிச்சது?" என்று கேட்டு அதைத்தான் முதலில் எடுத்தார்.

உரல் இல்லாத வீட்டில் கிரைண்டரில் அரைக்கலாம். ஒரேயடியாக ஓடவிடாமல் விட்டுவிட்டு அழுத்துங்கள். அதிகம் அரைபட்டால் எண்ணெய் பிரிந்து களி மாதிரி ஆகிவிடும், பிடித்தால் நிற்காது. எள்ளென்றால் புரட்டாதிச் சனிக்கும் திவசத்துக்கும் உரியது, பண்டிகைத் தட்டில் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகக் கச்சானில் இதையே செய்யலாம். கச்சானிலும் அதே அளவுக்கு எண்ணெய் இருப்பதால் பிடிப்பு ஒன்றுதான். முல்லைத்தீவுப் பக்கம் விளைகிற கச்சானை வறுத்து, தோலைச் சுளகில் புடைத்து எடுப்பது பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டு. ஊதினால் தோல் பறக்கும், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஈரம் பிடித்துப் பூசண வாசம் வீசுகிற கச்சானை வறுத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், எறிந்துவிடுங்கள். பூசணம் விடுகிற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. மற்றது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் முழுக் கச்சானைக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். இடித்த உருண்டையில் அந்தப் பயமில்லை. எள்ளோ கச்சானோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தேங்காய் ரொக்கும் பால் ரொபியும் என் சிறுவயது நத்தாரின் ருசி. அந்த ரோசா நிறத் துண்டுகளை இன்றைக்கும் விட்டுவிட மனம் வராது. ஆனால் பிள்ளைகளோடு செய்யும் பலகாரம் என்ற கணக்கில் இவற்றை நான் சேர்ப்பதில்லை. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், சீனிப்பாகு பதத்துக்கு வரும்போது 110 பாகையைத் தாண்டியிருக்கும். தண்ணீர் தெறித்தால் வழிந்துவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைக்கு மிஞ்சுவது தட்டுக்கு எண்ணெய் பூசுகிற வேலை ஒன்றுதான், மீதி நேரம் "தள்ளி நில், கிட்ட வராதை" என்ற அதட்டல். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் பக்கத்தில் நிறுத்திப் பதம் பார்க்கப் பழக்கலாம். தற்செயலாகச் சுட்டுவிட்டால் பற்பசை, எண்ணெய் ஒன்றும் பூசாமல், ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயற்றம் உருண்டைக்கும் சூடான பாகில்தான் மாவைப் பிடிக்கவேண்டும் என்பதால், அதையும் பெரியவர் கைக்கே விட்டிருக்கிறேன்.

புடிங்குக்கும் எள்ளுருண்டைக்கும் நடுவில் நிற்பது ரின்பால் உருண்டை. மாரி பிஸ்கட்டைப் பையில் போட்டு அம்மிக்குழவியால் உருட்டி நொறுக்கி, கொக்கோ இரண்டு கரண்டி, ரின்பால் அரை ரின் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, தேங்காய்ப்பூவில் புரட்டி எடுத்தால் முடிந்தது. நான்கு வயதுப் பிள்ளையும் தனியே செய்யும். நொறுக்குகிற சத்தத்துக்காகவே என்னுடைய சின்னவர்கள் இதைக் கேட்பார்கள். பிரிட்ஜ் இல்லாமலே அரை மணித்தியாலத்தில் இறுகும். குறை என்னவென்றால் தித்திப்பு. ஒன்றுக்கு மேல் தின்ன ஏலாது. பச்சைத் தேங்காய்ப்பூவை அப்படியே புரட்டினால் இந்த ஈரத்துக்கு மறுநாளே புளித்துவிடும், அதனால் தாச்சியில் மெல்லிய நெருப்பில் ஈரம் போக வறுத்து, ஆறவைத்துப் புரட்டுகிறோம். பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பச்சைக் கோதுமை மாவைப் பிசைகிற குறிப்புகளும் காணக்கிடைக்கின்றன. அவித்த மாவோ வறுத்த மாவோ இல்லாமல் அதைத் தொடாதீர்கள். மாவை அவித்து அரித்து வைக்கிற எங்கள் அம்மம்மாக்களின் பழக்கம் இந்த இடத்தில் பிள்ளையின் வயிற்றையும் காக்கிறது.

மூன்று வயதுக்குச் சிவப்பு அவல் போதும். நனைத்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் குழைக்கவிடுங்கள். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிப் பிசைந்து கஜுத் தூளோடு உருட்டுவதும் சுலபம், கஜு விலைதான் இடிக்கும்.

புழுக்கொடியலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த அந்த ஒடியலை உரலில் இடித்து, அரித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் குழைத்துத் தின்றவர்களுக்கு அதன் வாசம் தெரியும். புதுக்கிழங்கு தையை ஒட்டித்தான் கிளம்பும். மார்கழியில் கையில் இருப்பது போன வருடத்துச் சரக்கு, கல்லு மாதிரி இருக்கும், இடிக்க இளந்தாரியின் கை வேண்டும். குழைப்பதும் தின்பதும் பிள்ளைகளுக்கு. அன்றன்றே முடித்துவிட வேண்டும் என்பதால் அயலுக்குக் கொடுத்தனுப்ப இது தோதுப்படாது. மழை நாளில் வீட்டோடு இருந்து தின்ன இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

புடிங் தட்டு ஒன்று செய்தால் அன்றோ மறுநாளோ தீர்த்தாக வேண்டும். அக்கா வீடு முல்லைத்தீவுக் கரையோரம். 2004 மார்கழி 26இல் சுனாமி வந்த கரை. அவர்கள் 25ஆம் திகதி இரவோடு பலகாரத் தட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். மறுநாள் விளக்குக்கும் மெழுகுதிரிக்கும் உரிய நாள். அந்த வீட்டில் புடிங் மிஞ்சினால் தின்ன ஆளிருக்காது. எள்ளுருண்டை ரின்னுக்குள் கிடந்து பொறுத்திருக்கும், தைப்பொங்கலுக்கு அக்கா புக்கைத் தட்டோடு எங்களுக்குத் திருப்பித் தரும்போதும் அதே ருசி.

ஆகவே என் தீர்ப்பு எள்ளுருண்டைக்கே. ஐந்து வயதுக் கையும் பிடித்து முடிக்கிற, மழைக்கும் மின்வெட்டுக்கும் தாங்கி நாள்பட இருக்கிற பலகாரம் அதுதான். பெரியவர் பங்கு வறுப்பதோடும் இடிப்பதோடும் முடிந்துவிடுகிறது. ஆனாலும் நத்தார் அன்று பிள்ளைகளிடமிருந்து புடிங்கைப் பறிக்கச் சொல்லமாட்டேன். எங்கள் ஒழுங்கையில் வேதக்கார வீடும் சைவ வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. கேக் வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது. பிள்ளைகள் தாங்களே அடுக்கிய புடிங்கை அந்தத் தட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிற பெருமை வேறெதிலும் வராது. நாங்கள் இப்போது இப்படித்தான் செய்கிறோம்: 23ஆம் திகதி எள்ளை இடித்துப் பிடித்து வைப்போம், அது கட்டாயம். 24 காலையில் வானம் வெளித்திருந்து கரண்டும் இருந்தால் புடிங் அடுக்குவோம். இருட்டிக்கொண்டு வந்தால் அதே பிஸ்கட்டையும் கொக்கோவையும் ரின்பாலில் பிசைந்து உருட்டுவோம், பட்டர் பாணுக்கு ஆகும்.

எள்ளுருண்டையை நன்றாக ஆறவிட்டு, துடைத்துக் காயவைத்த பால்மா ரின்னில் போட்டு மூடியை இறுக்குங்கள். பிள்ளைகள் அடிக்கடி திறப்பார்கள் என்றால் இரண்டு ரின்னாகப் பிரித்து வையுங்கள். மழை நாளில் மூடி திறந்து கிடந்தால் பனங்கட்டி ஈரத்தை இழுத்து, பின்னேரமே உருண்டை கசிந்துவிடும்.