ஸ்மித், பெடெரஸ், ரோபி: 9 ஆம் எண் சட்டை யாருக்கு?

ரக்பி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன்தான். 13 பேர் ஆடும் ரக்பி லீக் தனி ஆட்டம். சிட்னி, பிரிஸ்பேன், நியூகாசில் என்று ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலும், லீட்ஸ், விகன், செயின்ட் ஹெலன்ஸ் என்று இங்கிலாந்தின் வடபகுதியிலும் சனங்கள் உயிரை விடுவது இந்த ஆட்டத்துக்குத்தான். இதில் 9 ஆம் எண் சட்டை போடுபவர் ஹூக்கர்.

யூனியனைப் பார்த்துப் பழகியவர்கள் ஹூக்கர் என்றால் இரு அணிகளின் முன்வரிசை ஆட்களும் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்முக்கு நடுவே நிற்கும் முரட்டு ஆள் என்று நினைப்பார்கள். லீக்கில் ஸ்க்ரம் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. அங்கே பெரிய போட்டி கிடையாது. ஹூக்கரின் உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் அணி பந்தை வைத்துக்கொண்டு ஆறு முறை டாக்கிள் ஆகலாம், அதாவது பிடித்து வீழ்த்தப்படலாம். ஒவ்வொரு முறையும் விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவார். அதைப் பின்னால் குனிந்து எடுப்பவர்தான் டம்மி ஹாஃப். பெரும்பாலும் அது ஹூக்கர்தான். எதிரணியில் இரண்டு மார்க்கர்கள் மூக்குக்கு நேரே நிற்பார்கள், மற்றவர்கள் 10 மீட்டர் பின்னால் போயாக வேண்டும். அவர்கள் திரும்பி வந்து சேர்வதற்குள் இடதா, வலதா, ஓடுவதா, உதைப்பதா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். மைதானத்தில் வேறு யாரும் இத்தனை முறை பந்தைத் தொடுவதில்லை.

இந்த நூற்றாண்டில் இந்த வேலையை மிகச் சிறப்பாகச் செய்தவர் யார் என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் கேமரன் ஸ்மித் என்று சொல்லிவிடுவார்கள். மெல்போர்ன் ஸ்டார்ம் அணிக்கு 2002 முதல் 2020 வரை 430 ஆட்டங்கள், 2,786 புள்ளிகள். ஆஸ்திரேலியாவின் உச்ச லீக்கான என்.ஆர்.எல். வரலாற்றில் இரண்டுமே சாதனை. குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் ஆண்டுதோறும் மோதும் ஆரிஜின் தொடரில் குயின்ஸ்லாந்துக்காக 42 ஆட்டங்கள், ஆஸ்திரேலியாவுக்காக 56 டெஸ்ட், அதாவது சர்வதேச ஆட்டங்கள். சரி, பேச்சு முடிந்தது என்று எழுந்துவிடலாம் போலத்தான் இருக்கிறது.

எனக்கு அது போதவில்லை. ஒருவர் எத்தனை ஆண்டுகள் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டார் என்பதைத்தான் இந்த எண்கள் முதலில் சொல்கின்றன. அதுவும் பெரிய திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஹூக்கர் தனியாக ஆடுபவர் அல்ல. அவர் கொடுக்கும் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்த ஒரு நல்ல ஹாஃப்பேக் இருந்தால் பாதி வேலை அவரே பார்த்துக்கொள்வார். அதனால் நான் பார்க்க விரும்புவது ஒன்றைத்தான்: பக்கத்தில் நிற்க வேண்டிய பெரிய ஆள் இல்லாதபோது இந்த ஹூக்கர் என்ன செய்தார்? அந்தக் கேள்வியோடு ஸ்மித்தின் பக்கத்தில் இன்னும் இருவரை நிறுத்துகிறேன். நியூகாசில் நைட்ஸின் டேனி பெடெரஸ், செயின்ட் ஹெலன்ஸின் ஜேம்ஸ் ரோபி. மூவரும் மைதானத்தில் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் சந்தித்தவர்கள் என்பது இந்த ஒப்பீட்டை இன்னும் சுவையாக்குகிறது.

மூன்று விதமான ஆட்டம்

பெடெரஸ் பாய்ச்சல்காரர். மார்க்கர் ஒருவர் கொஞ்சம் அசந்து நின்றாலும் போதும், பந்தை எடுத்த வேகத்திலேயே அந்த இடைவெளியில் புகுந்துவிடுவார். பின்வாங்கிக்கொண்டிருக்கும் தற்காப்புக்கு அதைவிடத் தொல்லை கிடையாது. நடுவே நிற்கும் கனத்த ஆட்கள் திரும்பி ஓடியே களைத்துப்போவார்கள். அதன் பலனை அடுத்த இரண்டு டாக்கிளில் ஹாஃப்பேக் அறுவடை செய்வார். அந்த ஹாஃப்பேக் ஆண்ட்ரூ ஜான்ஸ். 2001 இல் கோப்பைக்கான இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலில் பாராமாட்டாவை நியூகாசில் 30-24 என்று வென்றபோது இந்தக் கூட்டணிதான் நடுவே நின்றது.

ஸ்மித் இதற்கு நேர் எதிர். வேகம் கிடையாது, பார்த்தவுடன் மிரள வைக்கும் உடம்பும் கிடையாது. பந்தை எடுத்து ஓரடி, இரண்டடி நகர்வார், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டடியில் எதிரே நிற்பவர் தன் இடத்தை விட்டு வரலாமா வேண்டாமா என்று தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் முடிவதற்குள் பந்து வேறு கைக்குப் போயிருக்கும். எதிரணியின் கடைசியில் நின்று காக்கும் ஃபுல்பேக் தவறான பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டால் டம்மி ஹாஃப் இடத்திலிருந்தே நீளமாக உதைத்து அவரைத் துரத்த வைப்பார். அணி மூச்சு வாங்கினால் ஆட்டத்தை மெதுவாக்குவார், எதிரணி மூச்சு வாங்கினால் வேகமாக்குவார். 2002 இல் மெல்போர்னுக்காக முதன்முதலில் இறங்கியபோது அவர் ஆடியது ஹாஃப்பேக் இடத்தில். அந்த மூளை கடைசி வரை அவரோடு இருந்தது.

ரோபி இந்த இருவருக்கும் நடுவே வருவார் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது சரியாக இருக்காது. அவருடைய தனிச்சொத்து ஓயாத உழைப்பு. 80 நிமிடமும் களத்தில் நிற்பார், நடுவிலேயே நின்று டாக்கிள் மேல் டாக்கிள் செய்வார், உடனே எழுந்து மறுபடி டம்மி ஹாஃபுக்கு வருவார், 70 ஆவது நிமிடத்திலும் முதல் நிமிடத்தின் அதே கூர்மையோடு ஓடுவார். 2007 இல் கெய்ரன் கன்னிங்ஹாம் என்ற பெரிய ஹூக்கருக்குப் பின்னால், பல ஆட்டங்களில் மாற்று ஆளாக இறங்கிக்கொண்டே, இங்கிலாந்து லீக்கின் உச்ச விருதான மேன் ஆஃப் ஸ்டீலை வாங்கியவர். பெஞ்சிலிருந்து வந்து ஒருவர் அந்த விருதைத் தட்டிச் செல்வது எவ்வளவு அரிது என்பது இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குப் புரியும்.

துணை இல்லாத நாட்கள்

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

2004 சீசனின் தொடக்கத்திலேயே ஆண்ட்ரூ ஜான்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, அதன் பிறகு அந்த ஆண்டு அவர் ஆடவில்லை. ஜான்ஸ் இல்லாத நியூகாசிலைப் பற்றி யாருக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. அந்த ஆண்டில்தான் பெடெரஸ் என்.ஆர்.எல்லின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கத்தை வென்றார். அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் ஹூக்கர் அவர்தான். அதே ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் அணிக்குத் தலைமை தாங்கி ஆரிஜின் தொடரையும் வென்றார். எல்லாம் பெருமைதான். ஆனால் நியூகாசில் இறுதிச்சுற்றுக்குள்ளேயே நுழையவில்லை. அடுத்த ஆண்டு பட்டியலில் கடைசி இடம். ஒரு ஹூக்கர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அணியை ஓரளவுக்கு மேல் தூக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இதைப் பெடெரஸின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. மூழ்கும் அணியில் நின்றுகொண்டு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்குவது வெற்றி பெறும் அணியில் வாங்குவதைவிடக் கடினம்.

ஸ்மித்தைப் பற்றி நெடுநாளாக ஒரு குறை சொல்லப்பட்டு வந்தது. அவருக்கு முன்னால் ஹாஃப்பேக் கூப்பர் க்ராங்க், பின்னால் ஃபுல்பேக் பில்லி ஸ்லேட்டர். இப்படி இருவர் இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள் என்று. 2017 முடிந்ததும் க்ராங்க் சிட்னி ரூஸ்டர்ஸுக்குப் போனார். மறு ஆண்டே ரூஸ்டர்ஸ் மெல்போர்னை 21-6 என்று கிராண்ட் ஃபைனலில் வீழ்த்தியது, தோள்பட்டை எலும்பு உடைந்த நிலையிலும் க்ராங்க் களத்தில் நின்றார். அத்தோடு ஸ்லேட்டரும் ஓய்வு பெற்றார். குறை சொன்னவர்கள் சொன்னது சரிதான் போல என்று தோன்றிய நேரம் அது.

அப்புறம் வந்தது 2020. கொரோனாவால் மெல்போர்ன் அணி வீட்டை விட்டுவிட்டு மாதக்கணக்கில் குயின்ஸ்லாந்தில் தங்கி ஆட வேண்டியிருந்தது. ஸ்மித்துக்கு 37 வயது. கிராண்ட் ஃபைனலில் பென்ரித்துக்கு எதிராக இடைவேளைக்குச் சற்று முன் அவரே எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ஒரு ட்ரை போட்டார், இடைவேளையில் 22-0. கடைசியில் பென்ரித் விரட்டி வந்தாலும் 26-20 என்று கோப்பை மெல்போர்னுக்கு. அதுவே அவருடைய கடைசி ஆட்டமாகவும் அமைந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த அணியில் ஜரோம் ஹியூஸ், கேமரன் மன்ஸ்டர், ஆட்ட நாயகன் விருது வாங்கிய ரையன் பேப்பன்ஹைசன் எல்லாரும் இருந்தார்கள். ஸ்மித் அநாதையாக நிற்கவில்லை. ஆனால் அந்த இளைஞர்கள் அவ்வளவு நிதானமாக ஆடியதற்கு டம்மி ஹாஃபில் யார் இருந்தார் என்பதும் ஒரு காரணம்.

உண்மையிலேயே அநாதையாக நின்றவர் ரோபி. 2014 இல் இங்கிலாந்தின் உச்ச லீக்கான சூப்பர் லீக்கின் கிராண்ட் ஃபைனல், ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம், எதிரணி விகன். செயின்ட் ஹெலன்ஸின் ஹாஃப்பேக் லூக் வால்ஷ் காயம். ஜானி லோமாக்ஸ் காயம். நடுவே முட்டி மோதும் ஃபார்வர்டான மார்க் ஃபிளனகனை ஹாஃப் இடத்தில் நிறுத்த வேண்டிய நிலை. மிச்சமிருந்த லான்ஸ் ஹொஹையாவை ஆட்டம் தொடங்கி இரண்டே நிமிடத்தில் விகனின் பென் ஃபிளவர் முகத்தில் குத்தி வீழ்த்தினார். ஃபிளவருக்குச் சிவப்பு அட்டை, ஹொஹையா திரும்பி வரவேயில்லை. எதிரணியில் ஓர் ஆள் குறைந்தது உதவிதான், ஆனால் செயின்ட் ஹெலன்ஸிடம் ஆட்டத்தை நடத்த ஆளே இல்லை. மீதி 78 நிமிடமும் அதை ரோபிதான் நடத்தினார். 14-6 என்று வென்றார்கள், ஆட்ட நாயகனுக்கான ஹாரி சன்டர்லாண்ட் கோப்பை அவர் கைக்குப் போனது. நான் வைத்த கேள்விக்கு ஒரே ஓர் ஆட்டத்தைப் பதிலாகச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், 2020 ஐ அல்ல.

நேருக்கு நேர்

பெடெரஸ் 2002 முதல் 2008 வரை தொடர்ந்து 21 ஆரிஜின் ஆட்டங்கள் ஆடினார். 20 வயது ஸ்மித் 2003 இன் மூன்றாவது ஆட்டத்தில் அவருக்கு எதிரே வந்தார், குயின்ஸ்லாந்து 36-6. தொடர் ஏற்கெனவே நியூ சவுத் வேல்ஸ் வசம் போயிருந்தது. 2005 வரை பெடெரஸின் பக்கம், 2006 முதல் ஸ்மித்தின் பக்கம் என்று தராசு சாய்ந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு, ஹூக்கர் மட்டும் அல்ல. ஆனால் 2013 ஐ யாரும் அதிகம் பேசுவதில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் அணிக்காக மூன்று ஆண்டு ஆடிவிட்டு நியூகாசிலுக்குத் திரும்பியிருந்த 35 வயது பெடெரஸின் அணி, மெல்போர்னின் சொந்த மைதானத்தில் ஸ்மித்தின் அணியை 18-16 என்று அரையிறுதியில் வெளியேற்றியது. நடப்புச் சாம்பியன்கள் அன்று வீட்டுக்குப் போனார்கள்.

பெடெரஸும் ரோபியும் சந்தித்தது 2011 சூப்பர் லீக் கிராண்ட் ஃபைனலில். லீட்ஸ் 32, செயின்ட் ஹெலன்ஸ் 16. அன்று லீட்ஸ் பெடெரஸைத் தொடக்கத்தில் ஆடவிட்டு, களைத்த தற்காப்பின் மேல் பெஞ்சிலிருந்து ராப் பரோவை ஏவியது. பரோ ஆட்ட நாயகன் ஆனார்.

ஸ்மித்தும் ரோபியும் 2017 உலகக் கோப்பை இறுதியில் எதிரெதிரே நின்றார்கள். ஜாஷ் ஹாட்ஜ்சன் அரையிறுதியில் காயமடைந்ததால் ரோபிக்கு 9 ஆம் எண் இடம் கிடைத்தது. ஆஸ்திரேலியா 6, இங்கிலாந்து 0. ஒரே ஒரு ட்ரை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் இரண்டு ஹூக்கர்களும் ஒருவரை ஒருவர் சமாளித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நிழல்கள்

ஸ்மித்தின் கணக்கில் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. அணிகளுக்கு லீக் விதிக்கும் சம்பள உச்சவரம்பை மீறியதற்காக மெல்போர்னின் 2007, 2009 கோப்பைகள் 2010 இல் பறிக்கப்பட்டன. அதனால் அவருடைய கணக்கில் நிற்பவை 2012, 2017, 2020. அந்த முறைகேட்டை ஆட்டக்காரர் தலையில் முழுதாகக் கட்டுவது நியாயமில்லை, ஆனால் அந்த அணி அத்தனை திறமைகளை ஒன்றாக வைத்திருக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கவும் கூடாது. இன்னொன்று, டாக்கிளில் எதிராளியைப் பிடித்துப் புரட்டி அவர் எழுவதைத் தாமதப்படுத்தும் மல்யுத்த பாணி. 2008 இல் சாம் தைடே மீது போட்ட கழுத்துப் பிடிக்காக ஸ்மித்துக்கு இரண்டு ஆட்டத் தடை. அவர் இல்லாத கிராண்ட் ஃபைனலில் மான்லி மெல்போர்னை 40-0 என்று நசுக்கியது.

அந்த 40-0 ஐ ஸ்மித்தின் மதிப்புக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அதே ஸ்மித் இல்லாமல் அதற்கு முந்தைய ஆட்டத்தில் மெல்போர்ன் 28-0 என்று வென்றிருந்தது. அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டு 2021 இல் தொடர்ச்சியாக 19 ஆட்டங்களை வென்றது. செயின்ட் ஹெலன்ஸோ ரோபியின் தலைமையில் 2019 முதல் 2022 வரை நான்கு சூப்பர் லீக் கோப்பைகளை வரிசையாக வென்று, 2023 பிப்ரவரியில் என்.ஆர்.எல். சாம்பியனான பென்ரித்தை அதன் மண்ணிலேயே 13-12 என்று வீழ்த்தி உலகக் கிளப் சாம்பியன் ஆனது. அவர் விடைபெற்ற அடுத்த சீசனில் ஆறாவது இடத்துக்கு இறங்கியது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தாலும், 20 ஆண்டுக்கு ஓர் அணியைக் கட்ட ஒரே ஒரு ஹூக்கரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஸ்மித்தின் பெயரைத்தான் எழுதுவேன். ஆட்டத்தின் வேகத்தைத் தன் விருப்பப்படி மாற்றத் தெரிந்தவர் மூவரில் அவர் மட்டும்தான். அதனால்தான் கால் தளர்ந்த 37 வயதிலும் அவரால் கோப்பை வெல்ல முடிந்தது. நாளைக்கு ஓர் இறுதி ஆட்டம், ஹாஃப்பேக் காயம் என்றால் ரோபி. ஒரு ஹூக்கர் வாழ்நாளில் ஒரே அணிக்காக ஆடி, 531 ஆட்டங்கள் என்ற கெல் காஸ்லெட்டின் பழைய செயின்ட் ஹெலன்ஸ் சாதனையைத் தாண்டியும், ஆஸ்திரேலிய லீக்கில் ஆடாததாலேயே உலகப் பட்டியல்களில் விடுபடுவது எனக்கு வருத்தம் தருகிறது. பெடெரஸை மூன்றாவதாக வைக்கிறேன். அவர் கையில் இன்னும் நல்ல நியூகாசில் அணி ஒன்று இருந்திருந்தால் இந்த வரிசை இவ்வளவு எளிதாக அமைந்திருக்காது.