ஆராய்ச்சி மானியமா, மொத்தக் கொள்முதலா? ஒரு பம்ப்செட் பட்டறையின் கணக்கு

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கருவிகளுக்கு அரசுப் பணம் இரண்டு வழிகளில் வருகிறது. புதிதாக வடிவமைத்துப் பார்க்க மானியம் ஒரு வழி. தயாரான பொருளை டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவது இன்னொரு வழி. கோவையில் சின்னதாகப் பம்ப்செட் பட்டறை நடத்தும் எங்களுக்கு இரண்டு வாய்ப்பும் ஒரே ஆண்டில் வந்தன. டெண்டரை விட்டுவிட்டு மானியத்தைப் பிடித்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

மொத்தக் கொள்முதலின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. எல்.இ.டி. பல்புகளை மொத்தமாக வாங்கி வீடுகளுக்கு மலிவாகக் கொடுக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டமே சாட்சி. 2014இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை, 2016இல் 38 ரூபாய்க்கு வந்தது. 36 கோடிக்கு மேல் பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆராய்ச்சிக்கு மட்டும் பணம் கொடுத்திருந்தால் விலை இந்த வேகத்தில் இறங்கியிருக்காது.

மானியத்தில் தொகை சிறியது. அக்கா மகன் மோட்டார் வடிவமைப்பில் இறங்கியபோது விண்ணப்பித்தது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்துக்கு. முன்மாதிரி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை, 18 மாதம் வரை அவகாசம். வடிவமைப்பின் உரிமை நம்மிடமே இருக்கும். பில், அறிக்கை என்று காகித வேலை உண்டு, சமாளிக்கலாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ரீவைண்டிங், அதாவது எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவது.

பல்பு போனால் தூக்கிப் போட்டுவிடுவோம். பம்ப்செட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. கோடையில் வோல்டேஜ் இறங்கும், ஒரு ஃபேஸ் போகும், மோட்டார் எரியும். தென்னை காய்கிறதே என்ற பதைப்பில் விவசாயி ராத்திரிக்குள் வேண்டும் என்பார். வைண்டிங் கடையில் பழைய காயிலைத் தீ வைத்து எரித்துத்தான் பிடுங்குகிறார்கள். அந்தச் சூட்டில், காயிலைத் தாங்கும் ஸ்டாம்பிங் எனும் இரும்புத் தகடுகளின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு கருகி, இரும்பு இழப்பு (இரும்பிலேயே சூடாக வீணாகும் மின்சாரம்) கூடிவிடும். சரியான கேஜ் (தடிமன்) கம்பி கையிருப்பில் இல்லையென்றால் ஒரு நம்பர் மெல்லியதைப் போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். செம்பு குறைந்தால் சூடு ஏறும், மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். மேலே ஸ்டார் லேபிள் அப்படியே ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது வேறு மோட்டார்.

வைண்டரைக் குறை சொல்லி என்ன பயன்? எங்கள் கைக்கு வந்த டெண்டர் தாள் கேட்டது முதல் நாள் சோதனைச் சான்றிதழும் குறைந்த விலையும்தான். உஜாலாவை நடத்திய பொதுத்துறை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல்.லின் பம்ப்செட் மாற்றுத் திட்டங்களில் ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்தார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் மோட்டாரின் ஆயுள் ஐந்து வருடத்தோடு முடிவதில்லையே.

மானியப் பணத்தில் இந்த ஒரு சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டோம். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் கேஜுக்கே சுற்றுகளைக் கணக்கிட்டோம். கம்பி சிரமமில்லாமல் இறங்க, அது உட்காரும் ஸ்லாட்டை அகலமாக்கினோம். கேஜையும் சுற்று எண்ணிக்கையையும் மோட்டார் உடம்பிலேயே பொறித்தோம். ஸ்லாட் அகலமானதால் ஸ்டேட்டரை (மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பகுதி) நீளமாக்க வேண்டி வந்தது, அடக்க விலையும் ஏறியது. டெண்டர் விலைக்கு இது கட்டுப்படியாகாது.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். மோட்டார் அதிகம் இழுத்தாலும் விவசாயிக்குப் பில் வராது, செலவு அரசு தலையில் விழும். அதனால் இந்தச் சேமிப்புக்குக் கூடுதல் விலை கொடுக்க வாங்குபவருக்குக் காரணமே இல்லை. இதற்கான ஆராய்ச்சிச் செலவை அரசு ஏற்பதுதான் நியாயம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பல்பு, டியூப்லைட் போல ரிப்பேருக்கு வராத பொருள் செய்பவர்கள் டெண்டருக்கே போகலாம். ஃபேன் பற்றி எனக்கு அனுபவம் இல்லை.

எங்கள் மோட்டாரிலும் முழு நிரூபணம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு கோடைதான் ஓடியிருக்கிறது, இதுவரை எரிந்து வந்தது ஒன்றே ஒன்று. பல்லடம் பக்கத்தில் ஒரு கடையில் சுற்றி வாங்கி, பட்டறையில் வாட் மீட்டர் போட்டுப் பார்த்தோம். பழைய அளவுக்குப் பக்கத்திலேயே முள் நின்றது. அடுத்த கோடையில் வேறு ஒரு வைண்டர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.